கியர் ஆயில் பம்பும் என் வீட்டுக்காரரும்

கியர் ஆயில் ஏற்ற எந்தப் பம்பு வாங்கலாம் என்று கடைக்கு வந்து கேட்கிறவர்களிடம் நான் கொஞ்சம் கத்தித்தான் பேசுகிறேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் வந்தவரிடம் எதற்கு இத்தனை பேச்சு என்கிறார். அவருக்கு என்ன, அவர் மகள் ஜீப் ஓட்டவில்லை.

எங்கள் கடை கம்பத்தில் இருக்கிறது. விவசாயச் சாமானும் வண்டிச் சாமானும் விற்கிறோம். திராட்சைப் பந்தலுக்குக் கம்பி, மருந்தடிக்கிற பம்புக்கு வாஷர், ஹோஸ், கிளிப், டிராக்டருக்கு ஆயில், எல்லாம் உண்டு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் கவுண்டரில் நிற்க ஆரம்பித்தேன், இன்னும் நிற்கிறேன். ஒரு பம்பு எதனால் கெடும், எத்தனை நாள் தாங்கும் என்று அதைக் கையில் வாங்கிய உடனே சொல்லிவிடுவேன். பண்ணைப்புரத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆட்கள் வந்து என்னிடம் கேட்டு வாங்கிப் போகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கேட்கவில்லை. பெண்டாட்டியிடம் போய்ப் பம்பு கேட்பதா என்ற கெத்து.

அவர் ஜீப் ஓட்டியவர். விடியும் முன்பே எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது வேலை. இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று ஜீப் ஸ்டாண்டில் அவருக்குப் பெரிய பெயர். சர்க்கரை வந்து கண்ணில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இனிமேல் மலை ரோட்டில் ஓட்டவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். ஜீப்பை விற்றுவிடலாம் என்று அவர் உட்கார்ந்துவிட்டபோது, தேனியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த எங்கள் மகள் வேலையை விட்டுவிட்டு வந்து சாவியைக் கேட்டாள். அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான். நன்றாக ஓட்டுவாள். பெண்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு அவளிடம் பழகிவிட்டார்கள். வழியில் ஒதுங்கவேண்டும் என்றால் ஆம்பளை டிரைவரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், இவளிடம் சொன்னால் நிறுத்துவாள். ஸ்டாண்டில் இருந்த ஆண்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். பொம்பளைப் பிள்ளை வளைவில் திணறுவதைப் பார்க்க வேண்டுமென்று காத்துக் கிடந்தார்கள் என்றே சொல்வேன்.

வண்டியின் மற்ற வேலைகளெல்லாம் அவர் கையில்தான் இருந்தது. ஓட்டத்தான் முடியாது, பார்க்கவுமா முடியாது என்பார். ஆயில் மாற்றப் பட்டறைக்கு விடமாட்டார். பழைய ஆயிலையே திரும்ப ஊற்றி அனுப்புவார்கள் என்று சந்தேகம், எல்லாவற்றையும் வீட்டு வாசலில் வைத்துத் தானே செய்ய வேண்டும். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் கியர் பாக்ஸுக்கு ஆயிலை மேலிருந்து ஊற்ற முடியாது. ஓட்டை பக்கவாட்டில், வண்டிக்கு அடியில் இருக்கிறது. கேனைச் சாய்க்க இடம் கிடையாது. ஆயிலோ கூழ் மாதிரி கெட்டி. கீழே படுத்துக்கொண்டு பம்பு வைத்து மேல்நோக்கி ஏற்றினால்தான் உண்டு. அதனால் பம்பு வேண்டும்.

முதலில் ஒன்று வாங்கினார், கை கழுவுகிற சோப்புப் பாட்டில் மாதிரி தலையை அமுக்குகிற பிளாஸ்டிக் பம்பு. தண்ணீர் மாதிரி ஆயிலுக்கு அது போதும். மார்கழிக் குளிரில் கெட்டிப்பட்ட கியர் ஆயிலுக்கு நாலு அமுக்கு தாங்கவில்லை, கழுத்தோடு முறிந்தது. அடுத்தது போனில் பார்த்து வரவழைத்தார், பெரிய ஊசி மாதிரி இழுத்து அடிப்பது. ஆயில் பட்டு வாஷர் ஊதிப் பெருத்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து முறைத்தார், ஏதோ நான் செய்து கொடுத்த மாதிரி.

நான் அப்போதே சொன்னேன். எங்கள் கடையிலேயே இரும்பில் வாளியும் கைப்பிடியும் வைத்த பம்பு இருக்கிறது. ஹோஸுக்குள் கம்பி ஓடுகிறது, மடங்காது. ஆயிலுக்கு ஊதாத வாஷர். அது தேய்ந்தாலும் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வாஷர் தனியாகக் கிடைக்காத பம்பு எதையும் கையால் தொடாதீர்கள் என்று சொன்னேன். விலையைக் கேட்டார். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அடிக்க இவ்வளவா என்றார். முதலாளிக்கு வியாபாரம் பிடிக்கிறாயா என்று ஒரு நக்கல் வேறு. நான் பேச்சை விட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

அவர் என்ன செய்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. சுருளிப்பட்டிப் பக்கம் என் கொழுந்தனார் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறார். அங்கே போய், வாளியில் நிறுத்திக் கையால் அடிக்கிற மருந்துப் பம்பை வாங்கி வந்திருக்கிறார். முழுக்கப் பித்தளை. கெட்டியான பம்பு, நான்கூட விற்றிருக்கிறேன், ஒரு தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் அதில் வருஷக்கணக்காக அடித்தது என்ன? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து. திராட்சை இலைக்கு அது மருந்து, கியர் பாக்ஸுக்கு அது விஷம். சுண்ணாம்பு மணலாக அறுக்கும். ஓடுகிற சூட்டில் மயில்துத்தம் உள்ளே கியர் சேர உதவுகிற பித்தளை வளையத்தைத் தின்னும். இந்த மனிதர் அதைக் கழுவியிருக்கிறார், தண்ணீரில்! கழுவின தண்ணீரும் ஹோஸுக்குள்ளேயே நின்றிருக்கிறது. அத்தனையும் சேர்த்து ஆயிலோடு உள்ளே ஏற்றிவிட்டு, பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சோறு கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார்.

மழைக்காலம் முடிந்து ஏலக்காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரம். சாயங்காலம் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டு மலை ரோட்டில் இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று மேலே, இரண்டாவது கியர் தானாகக் கழன்று விழுந்தது. மகள் திரும்பப் போட்டாள். நிற்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி கழன்றது. ஆள் நிறைந்த வண்டி, இறக்கத்தில் வேகம் எடுத்துவிட்டது. பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகி விட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும். கை பிரேக்கையும் இழுத்து, வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் ஒடித்து, மண் சரிவில் உரசி நிறுத்தினாள். உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது. இறங்கின பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். இவள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அத்தனை பேரையும் காப்பாற்றின பிள்ளை அவள். நான் அதை இன்றைக்கும் எங்கே வேண்டுமானாலும் சத்தம் போட்டுச் சொல்வேன்.

ஆனால் அவர்கள் மலை இறங்கி வருவதற்குள் ஸ்டாண்டில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். டீசல் மிச்சம் பிடிக்கக் கியரே போடாமல் நியூட்ரலில் விட்டு இறக்கியிருக்கிறாள் என்று. மலை டிரைவருக்கு இதைவிடக் கேவலமான பழி கிடையாது. ஒருவன் நியூட்ரலில் இறக்குகிறான் என்று பெயர் வந்துவிட்டால் அவன் வண்டியில் பிறகு ஒருத்தியும் ஏற மாட்டாள். வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள், அவர்கள் பயம் அவர்களுக்கு. மறுநாளே எங்கள் தெருப் பெண்கள் வேறு ஜீப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நியூட்ரல் என்று முதலில் வாயைத் திறந்தவன் யாரென்று தெரிந்தால் அவனை இன்றைக்கும் விடமாட்டேன்.

வண்டி பட்டறைக்குப் போனது. மகள் எதிர் வீட்டு அக்காவுடன் கட்டுப் போட ஆஸ்பத்திரியில் இருந்தாள். பட்டறையிலிருந்து எங்கள் கடைக்குத்தான் சாமான் கேட்டு ஆள் வந்தது, நானே எடுத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் ஆயிலை இறக்கியிருந்தார்கள். பேசினில் டீ மாதிரி நுரைத்துக் கிடந்தது. அடியில் சுண்ணாம்புச் சேறு. ஓரத்தில் மயில் கழுத்துப் பச்சை படிந்திருந்தது. அந்தப் பச்சையை நான் தினமும் பார்க்கிறேன். ரிப்பேருக்கு வருகிற மருந்துப் பம்பெல்லாம் அந்த நிறத்தில்தான் வரும்.

பிரித்து வைத்திருந்த பித்தளை வளையங்களின் பற்கள் மழுங்கிக் கிடந்தன. இதற்குள் என்னத்தை ஊற்றினீர்கள் என்று அங்கே நின்றிருந்த என் வீட்டுக்காரரை மெக்கானிக் கேட்டார். அவர் கூசாமல் சொன்னார், வெளியூரில் ஒரு பட்டறையில் மாற்றினது, அவன் எதை ஊற்றினானோ என்று. என் காதில் விழும்படி, என் முகத்துக்கு நேரே சொன்னார்.

நாலு பேர் முன்னால் நான் ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டுக்கு வந்து ஓரகத்திக்குப் போன் போட்டேன். கொழுந்தனாரின் பெண்டாட்டி, ஒளிக்கத் தெரியாதவள். மருந்துப் பம்பை இவர் வாங்கிப் போனாரா என்றேன்.

"ஆமாக்கா, மச்சான் வந்து வாங்கிட்டுப் போனாக. திரும்பக் கொண்டாந்து குடுக்கையில ஒரே எண்ணெப் பிசுக்கு. நான்தான் சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவுனேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவர் எதிரே நின்றேன். தண்ணீர் ஊற்றிக் கழுவத்தானே செய்தேன் என்று ஆரம்பித்தார். சப்பைக்கட்டு எதுவும் வேண்டாம் என்றேன். ஸ்டாண்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன்.

"இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? வண்டி உடைஞ்சது உடைஞ்சதுதான. அத்தன வருசமா அங்கன நின்னவன் நான். என்னையக் காறித் துப்புவாய்ங்க" என்றார்.

"அப்ப உங்க மகளத் துப்பலாமா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு நான் பேசின பேச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். வெட்கப்படவில்லை. இத்தனை வருஷம் அவருக்கு ஆக்கிப்போட்ட கை எனக்கே அருவருப்பாக இருந்தது.

இதில் எனக்கு மிகவும் வயிறு எரிந்த விஷயம் வேறு. மகள் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது காலைத் தரையில் வைத்து அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். ஒருவேளை கிளச்சை முழுசாக மிதிக்காமல் கியர் போட்டேனோ, அதனால்தான் தேய்ந்ததோ என்று என்னிடமே கேட்டாள். கொலைப்பழி சுமக்கிறவள் மாதிரி எதிர் வீட்டுக்கு வேளா வேளைக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். மருந்துப் பம்பு, தண்ணீர், பட்டறையில் சொன்ன பொய், ஒன்றையும் மறைக்கவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அப்புறம், நாளைக்கே ஸ்டாண்டில் போய் நான் நாறடிக்கிறேன் என்று நான் கிளம்பியதும், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போகாதம்மா. நீ சொன்னா பெத்தவ பேசுறான்னு போயிருவாக. நான் சொன்னா அப்பன் மேல பழியப் போடுறா பாருன்னு அதுக்கும் சேத்துப் பேசுவாக. அப்பா வாயால வரணும். வரும்மா. அப்பா சொல்லுவாக."

அந்த நம்பிக்கையைக் கேட்டபோது அவளை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது எனக்கு. யாரை நம்புகிறாள் இவள்?

வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்று கடையிலிருந்து அந்த இரும்புப் பம்பை நானே எடுத்து வந்தேன். கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன், வாஷரைக் கழற்றி விரலால் அமுக்கிப் பார்த்தேன், ஹோஸின் முனை ஓட்டைக்குள் இறங்குமா என்று அளந்து பார்த்தேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். பட்டறையில் ஊற்றின ஆயில் கொஞ்ச தூரம் ஓடிக் கசடைக் கழுவினதும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஏற்றவேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். மகள் தனியாக உத்தமபாளையம் வரை ஓட்டிவிட்டு வந்தாள். வாசலில் சாக்கை விரித்து அவள் அடியில் படுத்துக்கொள்ள, நான் வெளியே குந்தி உட்கார்ந்து கைப்பிடியை அடித்தேன். இரண்டு பெண்கள் அடித்தே ஏறுகிற பம்புதான். கனம் தெரியவில்லை. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஓட்டை விளிம்பு வரை நிறைந்து ஆயில் வழிந்ததும் போதும்மா என்றாள், நிறுத்தினேன். அவர் நிலைக்கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வழக்கம்போல விடியும் முன் ஜீப்பைத் தெருமுனையில் கொண்டுபோய் நிறுத்தினாள். பெண்கள் தூக்குவாளியும் தலைத்துணியுமாக அவளைத் தாண்டி அடுத்த ஜீப்புக்குப் போனார்கள். வெறும் வண்டியோடு திரும்பி வந்தாள். அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் கழுவுவாள். நான் அவரிடம் பேச்சை அறவே நிறுத்தியிருந்தேன். சோற்றுத் தட்டை டங்கென்று வைப்பேன். கல்லுளிமங்கன் மாதிரி தின்றுவிட்டு எழுந்து போவார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் போய்ச் சொல்லியேவிட்டார். என்ன நினைத்துப் போனாரோ தெரியாது. மகள் வெறும் வண்டியோடு திரும்புவதைப் பார்த்து மனசு தாங்கவில்லை என்று பிறகு ஓரகத்தியிடம் சொன்னாராம். வீட்டுக்கு வந்தவர் முகம் தெளிந்திருந்தது. நெடுநாள் கழித்து அவராகவே என்னிடம் பேசினார்.

"சொல்லிட்டேன்" என்றார். "நான்தான் மருந்துப் பம்புல ஆயில் ஏத்துனேன், பிள்ள மேல ஒரு தப்பும் இல்லன்னு எல்லாரும் இருக்கையிலயே சொல்லிட்டேன்."

என் கண் நிறைந்துவிட்டது. பாவி மனுஷா, இதை அன்றைக்கே செய்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"ஒருத்தனும் நம்பலத்தா. நீயாவது மருந்துப் பம்புல ஆயில் ஏத்துறதாவது, உன்னைய எங்களுக்குத் தெரியாதாங்கிறாய்ங்க. மகளுக்காகப் பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறான் பாருங்கடா, பெத்தவன்னா இப்படியில்ல இருக்கணும்னு எந்திரிச்சு வந்து கையப் பிடிச்சுக்கிட்டாய்ங்க. டீ வாங்கிக் குடுத்தாய்ங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல?"

"குடிச்சீங்களா?"

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். குடித்திருக்கிறார். அவர்கள் கொடுத்த மரியாதையையும் சேர்த்துக் குடித்திருக்கிறார். இல்லையடா, சத்தியமாக நான்தான் செய்தேன், என் தம்பியைக் கேளுங்கள் என்று இன்னொரு வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அடுப்படிக்குள்ளிருந்து மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வரவில்லை. நான் உள்ளே போனபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிகாலை அவளோடு நானும் தெருமுனைக்குப் போனேன். அன்றைக்குப் பெண்கள் தாண்டிப் போகவில்லை. மாவுக்கட்டோடு எதிர் வீட்டு அக்காவே முன்னால் வந்தார். வேலைக்குப் போக முடியாதவர், இதற்காகவே எழுந்து வந்திருந்தார். மகளின் தலையைத் தடவினார்.

"உங்கப்பன் வந்து பேசுனத என் வீட்டுக்காரர் வந்து சொன்னாக ஆத்தா. அந்த மனுசன் மொகத்துக்காக எல்லாத்தையும் மறந்துட்டோம். சின்னப் பிள்ள, ஏதோ தெரியாமச் செஞ்சுட்ட. இனிமே கியர்ல போட்டே இறக்கு, என்ன?"

அக்கா, இவள் நியூட்ரலில் இறக்கவே இல்லை, அவர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா நல்லவர். நல்ல கையால் என் தோளைத் தட்டிக்கொடுத்து, விடுத்தா, பெத்தவ வேற எப்படிப் பேசுவ என்றார். பின்னால் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒவ்வொருவராக வண்டியில் ஏறிக்கொண்டே, பயப்படாமல் ஓட்டு, நாங்கள் இருக்கிறோம் என்று மகளுக்குத் தைரியம் சொன்னார்கள்.

மகள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் ஏறினதும், "சரிக்கா, கியர்லயே இறக்குறேன்" என்றாள். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். அவர் வாசலில் காத்து நின்றிருந்தார்.

"எல்லாரும் ஏறிட்டாகளா?"

"ஏறிட்டாக."

"பாத்தியா" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "நான் போய்ச் சொல்லப்போய்த்தான்."